கயிற்றின் ஒரு முனையும் ஓர் அசமன்பாடும்

கொடிக்கயிறு ஒன்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை இழுத்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நீளம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். யாரோ வந்து நடுவில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறார்கள். கயிறு அதிர்கிறது. உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கையில் இருக்கும் முனையை மேலும் கீழும் அசைக்கலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கயிற்றையும் அசையாமல் நிறுத்த முடியுமா? தானாக ஓய்வதைக் கேட்கவில்லை. காற்றும் உராய்வும் இல்லவே இல்லை என்று கொள்வோம். குறித்த நேரத்துக்குள் கயிற்றின் ஒவ்வொரு புள்ளியும் நேர்கோட்டுக்கு வந்து நின்றுவிட வேண்டும்.

முடியும். கயிற்றில் எந்த அதிர்வு இருந்தாலும் அது இரண்டு அலைகளின் கூட்டுதான். ஒன்று ஜன்னலை நோக்கிப் போகிறது, மற்றது உங்கள் கையை நோக்கி வருகிறது. வருகிற அலையை எதிர்க்காமல், அது தள்ளுகிற போக்கில் சரியான அளவுக்குக் கையை விட்டுக்கொடுத்தால் அது திரும்பிப் போகாது. உங்கள் கையில் கரைந்துவிடும். ஜன்னலுக்குப் போன அலை அங்கே மோதித் திரும்பி வரும், அதையும் அப்படியே வாங்கிக்கொள்ளலாம். அலை நொடிக்கு 20 மீட்டர் போகிறது என்றால், போக அரை நொடி, வர அரை நொடி. 1 நொடியில் வேலை முடிந்தது. அதற்கு முன்னால் முடிக்க வழியே கிடையாது. கைக்குப் பக்கத்திலிருந்து ஜன்னலை நோக்கிக் கிளம்பிய ஒரு மேடு, 1 நொடி ஆகாமல் கைக்குத் திரும்பி வராது.

இந்தச் சின்ன விளையாட்டுக்குள் ஒரு பெரிய துறையின் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. கயிறு ஓரிடத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இரண்டைப் பொறுத்தது: எந்த இடம், எந்த நேரம். நேரத்தோடு அந்த உயரம் மாறும் விதத்தையும் இடத்தோடு மாறும் விதத்தையும் சேர்த்துக் கட்டும் விதியைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்கிறோம். கயிற்றுக்கான விதி எளிமையானது: ஒரு புள்ளியின் முடுக்கம், அந்த இடத்தில் கயிறு எவ்வளவு வளைந்திருக்கிறதோ அதற்கு நேர்விகிதம். இதுதான் அலைச் சமன்பாடு. சூடு பரவுவதற்கு, நீர் ஓடுவதற்கு, பாலம் அதிர்வதற்கு எல்லாம் இப்படி ஒவ்வொரு சமன்பாடு உண்டு. ஒரு சின்ன இடத்தில் மட்டும் கைவைத்து முழு அமைப்பையும் நாம் விரும்பும் நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்பது கட்டுப்பாட்டுக் கோட்பாடு.

இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் கருவி 'மதிப்பீடு'. சரி, அது இதில் எங்கே வருகிறது? முதலில் அந்தச் சொல்லையே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வீடு கட்டக் கொத்தனார் கொடுக்கும் எஸ்டிமேட் ஓர் உத்தேசக் கணக்கு. செலவு அதைத் தாண்டலாம். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் மதிப்பீடு என்றால் நிரூபிக்கப்பட்ட ஓர் அசமன்பாடு. 'இந்த அளவு அந்த அளவின் இத்தனை மடங்கைத் தாண்டவே தாண்டாது' என்ற உத்தரவாதம் அது. இந்தச் சமன்பாடுகளில் பெரும்பாலானவற்றின் தீர்வைச் சூத்திரமாக எழுதவே முடியாது. தீர்வு எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே அது எவ்வளவு பெரிதாகலாம், எவ்வளவு சிறிதாகலாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தத் துறையில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் உழைப்பில் பெரும்பகுதி அசமன்பாடுகளை நிறுவுவதில் போகிறது.

கயிற்றை நிறுத்தியபோது நீங்கள் செய்ததை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். வருகிற அலையைக் கையில் உணர்ந்தீர்கள், அதனால் அதற்கு வழிவிட முடிந்தது. உணர முடியாத ஒன்றை நிறுத்தவும் முடியாது. இதைத் தெளிவாகக் காட்ட வேறோர் எடுத்துக்காட்டு. இடமும் வலமுமாக நகரக்கூடிய ஒரு கம்பியில், ஒரே நீளமுள்ள இரண்டு நூல்களில் ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகளைத் தொங்கவிடுங்கள். ஒன்று இடப்பக்கம் போகும்போது மற்றது சரியாக வலப்பக்கம் போகும்படி ஆட்டிவிடுங்கள். இப்போது கம்பியைப் பிடித்துப் பார்த்தால் கைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதே ஆட்டத்தைக் கம்பியை அசைத்து நிறுத்தவும் முடியாது. கம்பியை எப்படி அசைத்தாலும் இரண்டு குண்டுகளுக்கும் ஒரே தள்ளுதான் கிடைக்கும். அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். நூல் ஒன்றைக் கொஞ்சம் குட்டையாக்கிவிட்டால் கதையே மாறிவிடும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஆடும், கையில் தெரியவும் செய்யும், கம்பியாலேயே இரண்டையும் நிறுத்தவும் முடியும்.

பார்க்க முடிவதும் கட்டுப்படுத்த முடிவதும் ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள் என்பதை, இப்படிச் சில எண்களால் விவரிக்கக்கூடிய அமைப்புகளுக்கு 1960 வாக்கில் ருடால்ஃப் கால்மன் தெளிவாக்கினார். அணிகளைப் படித்தவர்களுக்கு இதன் வேர் தெரிந்ததுதான்: ஓர் அணியால் எல்லா இலக்குகளையும் எட்ட முடியும் என்பதும், அதன் நிரை நிரல் மாற்று அணி பூச்சியமில்லாத எதையும் பூச்சியமாக்காது என்பதும் ஒன்றே.

கயிற்றில் எண்கள் சில இல்லை, முடிவிலி எண்கள். புதிய சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. கயிற்றில் எந்த அதிர்வு இருந்தாலும் கையில் ஏதாவது தெரிகிறது என்று நிரூபித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது போதுமா? போதாது. முதல் அதிர்வு ஒரு மடங்கு தெரிகிறது, அடுத்தது அரைமடங்கு, அதற்கடுத்தது கால்மடங்கு என்று குறைந்துகொண்டே போகலாம். எதுவும் பூச்சியமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடித்தளமும் இல்லை. அப்படியானால் சில அதிர்வுகளை நிறுத்த அளவில்லாத வலிமை தேவைப்படும். எனவே நமக்கு வேண்டியது இது:

அமைப்பின் மொத்த ஆற்றல் ≤ மாறிலி × நாம் பார்த்த பகுதியின் ஆற்றல்

எந்தத் தொடக்க நிலைக்கும் ஒரே மாறிலி. இதற்குப் பார்வைத்தன்மை அசமன்பாடு என்று பெயர் சொல்லலாம். ஏதோ தெரிகிறது என்ற அளவில் நின்றால் இலக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அருகில் போகலாம். இந்த அசமன்பாடு கிடைத்தால் இலக்கையே தொடலாம். மாறிலிக்கும் பொருள் உண்டு. கட்டுப்படுத்த ஆகும் செலவு அதுதான். பிரெஞ்சுக் கணிதர் ழாக்-லூயி லியோன்ஸ் இந்தத் தொடர்பை ஒரு பொது முறையாக வகுத்து 1988-இல் வெளியிட்டார். கட்டுப்பாட்டுக் கேள்வி எதுவானாலும் அதற்கு இணையான அசமன்பாட்டை எழுது, அதை நிறுவு, கட்டுப்பாடு தானாக வந்துவிடும் என்பது அதன் சாரம். இந்தியாவுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. பெங்களூரில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்முறைக் கணிதப் பிரிவு வேரூன்றிய காலத்தில் அவரும் பிற பிரெஞ்சுக் கணிதர்களும் துணைநின்றார்கள். இன்றும் அங்கே இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது.

கயிற்றுக்கு இந்த அசமன்பாட்டைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம், ஒரு தாளும் பேனாவும் போதும். நீளம் 1, அலை வேகம் 1 என்று கொள்வோம். போய்வர ஆகும் நேரம் 2. இப்போது கையை அசைக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குத் தெரிவது, அந்த முனையில் கயிறு எந்தச் சாய்வில் இழுக்கிறது என்பது மட்டும். கயிற்றின் எந்த அதிர்வையும் சைன் வளைவுகளின் கூட்டாக எழுதலாம்: ஒரு வயிறு (புடைப்பு) உள்ளது, இரண்டு வயிறு உள்ளது, மூன்று உள்ளது என்று போகும். ஒவ்வொன்றும் தனக்கான அதிர்வெண்ணில் ஆடும். நேரம் 2 ஆகும்போது முதல் வளைவு சரியாக ஒரு முறை ஆடி முடித்திருக்கும், இரண்டாவது இரண்டு முறை, மூன்றாவது மூன்று முறை. கையில் தெரிந்த சாய்வை வர்க்கப்படுத்தி, 0 முதல் 2 வரை தொகையிடுங்கள். வெவ்வேறு வளைவுகளின் பெருக்கற்பலன்கள் எல்லாம் முழுச் சுற்றுகள் முடிந்ததால் பூச்சியமாகிவிடும். ஒவ்வொரு வளைவின் சொந்த வர்க்கம் மட்டும் மிஞ்சும். கூட்டிப் பார்த்தால், கையில் தெரிந்தது கயிற்றின் மொத்த ஆற்றலில் சரியாக 4 மடங்கு. அசமன்பாடு வேண்டும் என்று போனோம், சமன்பாடே கிடைத்துவிட்டது! நேரம் 1.9 என்று குறைத்துப் பாருங்கள். கையிலிருந்து 0.05 தூரத்துக்குள் அடங்கிய ஒரு சின்ன மேட்டை ஜன்னல் நோக்கி அனுப்பினால் அது கைக்குத் திரும்பும்போது நேரம் 1.95 ஆகியிருக்கும். மேட்டில் ஆற்றல் இருக்கிறது, கையில் தெரிந்தது பூச்சியம். எந்த மாறிலியைப் போட்டாலும் அசமன்பாடு நிற்காது.

கயிற்றை விட்டுவிட்டுப் பறைத்தோல் போன்ற ஒரு பரப்புக்கு வந்தால், அலைக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. வட்டமான தோல் ஒன்றின் நடுவில் மட்டும் நீங்கள் கைவைத்திருக்கிறீர்கள். விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து ஓடும் அலைகள் நடுப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். பீஜாப்பூர் கோல் கும்பஸுக்குப் போனவர்களுக்குத் தெரியும், மாடத்தின் ஒரு பக்கம் சுவரோரமாக முணுமுணுத்தால் எதிர்ப்பக்கம் சுவரோரம் இருப்பவருக்குக் கேட்கும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்திலும் அப்படியொரு மாடம் உண்டு. ஒலி சுவரை ஒட்டியே ஊர்ந்து போவதால்தான் அப்படிக் கேட்கிறது என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு விளக்கினார். கேட்பவர் சுவரோரம் நின்றால்தான் அந்த முணுமுணுப்பு பிடிபடும்.

அப்படியானால் எங்கே கைவைத்தால் எல்லா அலையும் அகப்படும்? 1992-இல் குளோட் பார்டோஸ், ழில் லெபோ, ஜெஃப்ரி ரௌக் மூவரும் இதற்கு ஒரு முழுமையான விடை தந்தார்கள். பரப்பின் உள்ளே ஒரு கேரம் காயைச் சுண்டிவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காய் நேராகப் போகும், சுவரில் பட்டால் படுகோணத்துக்குச் சமமான கோணத்தில் திரும்பும், வேகம் குறையாது. எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் சுண்டினாலும், குறித்த நேரத்துக்குள் காய் நம் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் ஒரு முறையாவது வந்தாக வேண்டும். வந்தால் அசமன்பாடு உண்டு. ஒரே ஒரு பாதை அந்தப் பகுதியைத் தொடாமல் தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாலும் இல்லை. சதுரப் பலகையின் ஒரு மூலையில் மட்டும் கைவைத்திருந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நேராகப் போய்வரும் காய் அந்த மூலைக்கு வரவே வராது. ஒட்டியிருக்கும் இரண்டு பக்கங்களையும் முழுதாக எடுத்துக்கொண்டால் எந்தக் காயும் தப்பாது. சமன்பாட்டைப் பற்றிய ஒரு பகுப்பாய்வுக் கேள்வி, கேரம் பலகையில் போட்டுப் பார்க்கக்கூடிய வடிவியல் கேள்வியாக மாறிவிடுவதுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

வெப்பம் வேறு ஜாதி. தோசைக்கல் ஒன்றில் சூடு இங்கே அதிகம், அங்கே குறைவு என்று தாறுமாறாக இருக்கிறது. விளிம்பு அறை வெப்பநிலையில் இருக்கிறது. நடுவில் ஒரு ரூபாய் அளவு இடத்தை மட்டும் உங்கள் விருப்பப்படி சூடாக்கலாம், குளிர்விக்கலாம். முழுக் கல்லையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அறை வெப்பநிலைக்குக் கொண்டுவர முடியுமா? இங்கே அலைகள் இல்லை, கதிர்கள் இல்லை, போய்வரும் நேரமும் இல்லை. வெப்பச் சமன்பாட்டின்படி ஓரிடத்து மாற்றம் எல்லா இடத்திலும் உடனே, எவ்வளவு சிறிதாக ஆனாலும், தெரிந்துவிடும். ஆனால் வேறொரு தொல்லை உண்டு. வெப்பம் பழையதை மறந்துவிடும். நீளம் 1 உள்ள ஒரு கம்பியில், வெப்பப் பரவல் கெழுவும் 1 என்று கொண்டால், நேரம் 0.01 ஆகும்போது ஒற்றை வயிறு உள்ள வளைவு 90 சதவீதம் மிஞ்சியிருக்கும். பத்து வயிறு உள்ள வளைவில் ஏறத்தாழ 20,000-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே தொடக்கத்தில் என்ன இருந்தது என்பதைப் பார்த்ததிலிருந்து மீட்கும் அசமன்பாடு கிடைக்காது. கடைசியில் மிஞ்சியது எவ்வளவு என்பதைப் பார்த்ததால் கட்டிப்போடும் அசமன்பாடு கிடைக்கும், அது போதும். வெப்பத்தை நாம் நினைக்கிற எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோக முடியாது, ஆனால் பூச்சியத்துக்கு, அதாவது அறை வெப்பநிலைக்கு, கொண்டுபோகலாம். எவ்வளவு சிறிய இடத்திலிருந்தும், எவ்வளவு குறைந்த நேரத்திலும்! 1995-இல் லெபோவும் லூக் ரொபியானோவும், 1996-இல் ரஷ்யக் கணிதர்கள் ஃபுர்சிகோவும் இமானுவிலோவும் வெவ்வேறு வழிகளில் இதை நிறுவினார்கள். செலவு மட்டும் பயங்கரமானது. மிகக் குறைந்த நேரங்களில், நேரத்தைப் பாதியாக்கினால் மாறிலி சுமாராகத் தன் வர்க்கம் அளவுக்குப் போய்விடும்.

லெபோ, ரொபியானோ வழி அழகானது. முதலில் அதிர்வெண் குறைந்த வளைவுகளை மட்டும் கட்டுப்பாட்டால் அழி. பிறகு கையை எடுத்துவிடு. மிச்சமிருக்கும் வேகமான வளைவுகள் தாமாகத் தேயட்டும். அப்புறம் அதிர்வெண் வரம்பை இருமடங்காக்கி இன்னும் கொஞ்சம் வளைவுகளை அழி. மறுபடி கையை எடு. கொடுத்த நேரத்தை இப்படிச் சிறிய சிறிய துண்டுகளாக்கிச் செய்துகொண்டே போனால் முடிவில் எல்லாம் பூச்சியம். சின்ன இடத்திலிருந்து பல வளைவுகளை அழிக்க ஆகும் செலவு, வயிறுகளின் எண்ணிக்கையை அடுக்காகக் கொண்டு பெருகுகிறது. தேய்மானமோ அந்த எண்ணிக்கையின் வர்க்கத்தை அடுக்காகக் கொண்டது. வர்க்கம் எப்போதும் வெல்லும்.

இந்த இரண்டு வழிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கருவி: கார்லெமன் மதிப்பீடு. ஸ்வீடன் நாட்டுக் கணிதர் டோர்ஸ்டன் கார்லெமன் 1939-இல் இதைக் கொண்டுவந்தபோது அவர் மனதில் கட்டுப்பாடு இருக்கவில்லை. ஒரு சமன்பாட்டுக்கு ஒரே தீர்வுதான் உண்டு என்று காட்டுவதற்காகக் கண்டுபிடித்தார். பெயரைக் கேட்டால் பலர் பயப்படுகிறார்கள். அதன் மிக எளிய வடிவத்தை இங்கேயே முழுதாகச் செய்து பார்த்துவிடலாம்.

இரண்டு முனைகளிலும் பூச்சியமாக இருக்கும் ஒரு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலம் போகப் போக அது வளர்கிறது, வளரும் வேகம் எப்போதும் தன்னைப்போல் க மடங்கு. கூட்டுவட்டி மாதிரி. எடையையும் சார்பையும் பெருக்கி அதைப் 'புதிய சார்பு' என்று அழைப்போம். பெருக்கல் விதிப்படி, எடை × பழைய சாய்வு = புதிய சாய்வு − க × புதிய சார்பு. இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தி முழு நீளத்துக்கும் தொகையிடுங்கள். வலப்பக்கம் மூன்று உறுப்புகள் வரும். ஒன்று புதிய சாய்வின் வர்க்கம். இன்னொன்று க² × புதிய சார்பின் வர்க்கம். மூன்றாவது குறுக்குப் பெருக்கல்: −2க × புதிய சார்பு × புதிய சாய்வு. ஆனால் 2 × சார்பு × சாய்வு என்பது சார்பின் வர்க்கத்தின் வகைக்கெழு. அதைத் தொகையிட்டால் இரு முனை மதிப்புகளின் வித்தியாசம் வரும், முனைகளில் எல்லாம் பூச்சியம். குறுக்குப் பெருக்கல் மறைந்துவிட்டது. முதல் உறுப்பு குறையெண் ஆகாது, அதை விட்டுவிடலாம். கிடைப்பது:

(எடை × சாய்வு)² இன் தொகை ≥ க² × (எடை × சார்பு)² இன் தொகை

க என்பது நம் கையில். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இதன் பலம் அங்கேதான் இருக்கிறது. ஒரு சார்பின் சாய்வு எந்த இடத்திலும் அதன் மதிப்பைப்போல் 7 மடங்கைத் தாண்டாது என்று மட்டும் தெரியும், வேறு எதுவும் தெரியாது என்போம். க = 8 என்று வைத்தால், 64 × தொகை, 49 × அதே தொகையைத் தாண்டக் கூடாது என்று வருகிறது. தொகை பூச்சியமாக இருந்தால் ஒழிய அது நடக்காது. சார்பே பூச்சியம். 7 என்பது 7,000 ஆக இருந்தாலும் க = 7,001 என்று வைத்தால் முடிந்தது. சமன்பாட்டில் நமக்குச் சரியாகத் தெரியாத, அழுக்கான உறுப்புகள் எத்தனை இருந்தாலும் எடை அவற்றை விழுங்கிவிடும். உண்மையான வெப்பச் சமன்பாட்டுக்கு எடையைத் தேர்ந்தெடுப்பது இதைவிட மிகக் கடினம். நாம் பார்க்கும் சின்ன இடத்துக்கு வெளியே அந்த எடையின் சாய்வு எங்கும் பூச்சியமாகக் கூடாது, விளிம்பில் வரும் உறுப்புகள் சரியான குறியோடு வர வேண்டும். ஆனாலும் மூச்சு ஒன்றுதான்: எடையால் பெருக்கு, வர்க்கப்படுத்து, குறுக்குப் பெருக்கலைப் பகுதித் தொகையிடலால் தீர்.

இதே மதிப்பீடு இன்னொரு வேலைக்கும் வந்தது. பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே அளந்ததிலிருந்து கண்டுபிடிக்கும் தலைகீழ்க் கணக்குகளுக்கு 1981-இல் புக்கெய்மும் கிளிபானோவும் இதைப் பயன்படுத்தினார்கள்.

கடைசியாக, கணினியில் இதைச் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கயிற்றைக் கணினியில் போட, வில்லால் கோத்த மணிச்சரம் மாதிரி அதைப் புள்ளிகளாக்குகிறோம். 100 மணி, 1,000 மணி என்று கூட்டிக்கொண்டே போனால் விடை இன்னும் துல்லியமாக வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். தீர்வைக் கணக்கிட அது சரி. கட்டுப்பாட்டைக் கணக்கிட்டால், மணிகள் கூடக் கூட அது வெடித்துப் பெரிதாகிறது. 1990 வாக்கில் குளோவின்ஸ்கி, லீ, லியோன்ஸ் மூவரின் கணக்கீடுகளில் இது தென்பட்டது. காரணம் பிறகு தெளிவானது. அடுத்தடுத்த மணிகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஆடும் ரம்ப வடிவ அதிர்வு மணிச்சரத்தில் உண்டு, கயிற்றில் அதற்கு இணையான ஒன்று இல்லை. அது கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. இருந்த இடத்திலேயே ஆற்றலை வைத்துக்கொண்டு நடுங்குகிறது, முனையில் இருக்கும் கைக்கு ஏதும் வந்து சேர்வதில்லை. மணிகள் கூடும்போது அசமன்பாட்டின் மாறிலி முடிவிலியை நோக்கி ஓடுகிறது. எனவே ரம்ப அதிர்வுகளை முதலில் வடிகட்டிவிட வேண்டும். அல்லது குளோவின்ஸ்கி செய்ததுபோல, அகலமான கட்டங்களும் நெருக்கமான கட்டங்களும் கொண்ட இரண்டு வலைகளை ஒன்றாகப் பயன்படுத்தலாம். அதன் பிறகு கணினியில் இருக்கும் கயிறும், ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறு போலவே, 1 நொடியில் நின்றுவிடும்.